தண்ணிகுடு என்று பாடியவன்

சின்னையா இறந்த செய்தி எனக்கு விராலிமலை பஸ் ஸ்டாண்டில் கிடைத்தது. எங்களோடு சடுகுடு ஆடிய ராமையா, பஸ்ஸை விட்டு இறங்காமலே ஜன்னல் வழியாகச் சொன்னான்: "சின்னையா போயிட்டான்ப்பா. மூச்சு முட்டியே போயிட்டான்." அன்று அழுதேன். கோபம் வந்தது சில நாள் கழித்து, விளையாட்டுக் கழகம் போட்ட நோட்டீஸைப் பார்த்தபோது. 'விளையாட்டில் அரசியலைக் கலக்காத உத்தமர். அன்னாரின் படத்திறப்புக்கு அனைவரும் வருக' என்று அச்சடித்திருக்கிறார்கள். உயிரோடு இருந்தவரை 'ஏண்டா' என்று கூப்பிட்ட வாய்களுக்கு இப்போது அன்னாராம். நான் அவனோடு தோள் உரச ஆடியவன். அவன் என்றேதான் எழுதுவேன்.

அவன் மூச்சைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். சடுகுடுவில் எதிரி எல்லைக்குள் பாடிப் போகிறவன், மூச்சு விடாமல் பாடியபடியே ஆளைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்ப வேண்டும். சின்னையா பாடிப் போனால் எதிரணி சலித்துப்போகும், பாட்டு நிற்காது. "எப்பிடிடா?" என்று ஒருமுறை கேட்டேன். "நம்ம தெருவுக்குத்தான் கெணறு இல்லயே. எங்க ஆத்தாவுக்குப் பதிலா ரெண்டு கொடத்தத் தூக்கிக்கிட்டுக் கொளத்துலேருந்து நடந்து பாரு, ஒனக்கும் வரும்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

நான் சொல்ல வந்த ஆட்டம் நடந்தது ஒரு தேர்தல் நேரத்தில். விளையாட்டுக் கழகத் தலைவரே வேட்பாளர்; அவர் சின்னம் குடை. கழகம் நடத்திய போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஒரு பக்கம் அவருடைய ஊர் அணி, மறுபக்கம் சேரியிலிருந்து போன நாங்கள். திருச்சி அணிக்கு ஆள் எடுக்க ஒருவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் சின்னையாவைப் பார்க்கத்தான் வந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். தேர்ந்தெடுத்தால் அணியில் இடம், கூடவே ஒரு நிரந்தர வேலை.

எதிரணி ஆள் "குடைக்குப் போடு, குடைக்குப் போடு" என்று பாடியபடி எங்கள் எல்லைக்குள் வந்தான். கூட்டம் கைதட்டியது. நடுவரும் சிரித்தார். எந்த வார்த்தையையும் பாடலாம், மூச்சு விடாமல் பாடினால் சரி என்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம்.

இடைவேளையில் அவர்களுக்குப் பித்தளைச் செம்பில் பானகம் வந்தது. எங்களைக் குனிந்து கையை ஏந்தச் சொல்லி, மேலேயிருந்து தண்ணீர் ஊற்றினார்கள். அதுவரை எங்களைக் கட்டிப்பிடித்துப் புரண்டவர்கள்தான். எங்கள் வியர்வை அவர்கள் உடம்பில் இன்னும் காயவில்லை. சின்னையா கை ஏந்தவில்லை. "புடிக்கிறப்பத் தீட்டு இல்ல, குடிக்கிறப்ப மட்டும் தீட்டா?" என்று கேட்டான். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுபடி ஆட்டம் தொடங்கியதும் அவனே பாடிப் போனான். சடுகுடு சடுகுடு என்று தொடங்கிய பாட்டு, கோட்டைத் தாண்டியதும் மாறியது. "தண்ணிகுடு தண்ணிகுடு தண்ணிகுடு..." இரண்டும் காதுக்கு ஒன்றுபோல இருந்ததால் முதலில் யாருக்கும் பிடிபடவில்லை. பிடிபட்டதும் எதிரணிக்காரர்கள் அவனைப் பிடிக்க மறந்து நின்றார்கள். யாரையும் தொடாமல், செம்பு இருந்த பக்கம் பார்த்து அவன் பாடிக்கொண்டே இருந்தான்.

நடுவர் விசில் ஊதினார். தலைவர் மேடையிலிருந்து இறங்கி வந்து கத்தினார்: "வெளையாட்டுல அரசியலக் கொண்டு வாரியாடா? எல்லாருக்கும் முன்னால மன்னிப்புக் கேளு. இல்லாட்டி இனிமே இங்கிட்டு எந்த ஆட்டத்துலயும் காலு வைக்கக் கூடாது."

"குடைக்குப் போடுன்னு பாடுனது என்னங்க?" என்றான் சின்னையா. அப்போதும் அந்த 'ங்க'வை அவன் விடவில்லை. பதிலுக்குக் கன்னத்தில் அறைதான் விழுந்தது.

சாயங்காலம் திருச்சிக்காரர் எங்களைத் தேடி வந்தார். "நியாயம் ஒன் பக்கம்தான் தம்பி. ஆனா ஆட்டம் முடிஞ்சப்பறம் சொல்லியிருக்கலாமே? ஒரு மன்னிப்புக் கேட்டுட்டு வா, எடுத்துக்கிறேன்" என்றார்.

"ஆட்டம் முடிஞ்சா என்னைய யாருங்க பாக்கப் போறா? கோட்டுக்குள்ள நிக்கிற வரைக்குந்தானே நான் ஆளு" என்றான் சின்னையா.

அந்த அறையைவிட இந்த நல்ல மனிதரின் யோசனைதான் எனக்கு இன்றும் எரிகிறது. இப்போதும் படித்தவர்கள் அதையே சொல்கிறார்கள். மைதானம் அதற்கான இடம் இல்லையாம். வேறு எது இடம்? கோயில் வாசலா? பஞ்சாயத்தா? அங்கெல்லாம் எங்களை நிற்கவே விட்டதில்லையே ஐயா!

அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. அதன்பிறகு எங்கள் பக்கத்தில் எந்த ஆட்டத்துக்கும் அவனை யாரும் கூப்பிடவில்லை. கல் உடைக்கப் போனான். பத்துப் பேரைத் திணற அடித்த அந்த நெஞ்சில் கல்தூசி இறங்கியது. கடைசியாகப் பார்த்தபோது அவனால் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை. அன்றைக்கு மன்னிப்புக் கேட்டிருந்தால் இந்த வேலைக்கு வந்திருக்க வேண்டாமே என்று ஆற்றாமையில் சொல்லிவிட்டேன். "இப்பயாச்சும்... செம்புல குடுக்கிறாங்களா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "அப்பறம்... நான் எதுக்குக் கேக்கணும்?" என்றான்.

கழகத்துக்காரர்களே, படத்திறப்பில் பேச என்னையும் கூப்பிட்டிருக்கிறீர்கள். அவன் படத்தைத் தொட்டு மாலை போடுவீர்கள். படத்துக்குத் தீட்டு இல்லை. நான் வருகிறேன். ஆனால் உத்தமர், அன்னார் என்ற பேச்செல்லாம் என்னிடம் இல்லை. அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பாட்டு ஒன்றுதான். அதை மைக்கில், என் மூச்சு தாங்கும்வரை பாடுவேன். அவனோடு ஆடியவர்கள் கூடச் சேர்ந்து பாடுங்கள். பாடி முடித்ததும் எங்களுக்குத் தாகம் எடுக்கும். எதில் தருகிறீர்கள் என்று பார்க்கிறேன்.