நீலக் கஞ்சி

வெள்ளையாக எதைக் கண்டாலும் தம்பிக்கு அது சோறு. சுண்ணாம்புச் சுவர் சோறு. கொடியில் காயும் வேட்டி சோறு. மேகம், கைக்கு எட்டாத சோறு. யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. பட்டாளத்துக்கு ரோடு போட பர்மாப் பக்கம் போன அப்பாவிடமிருந்து கடிதமும் நின்றுவிட்டது. அம்மா எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு திருப்பத்தூரிலிருந்து வந்து, பெங்களூர் ஜீவனஹள்ளியில் ஓர் ஒற்றை அறைக்குள் நுழைந்தாள்.

ரேஷனில் அரிசி பேருக்குத்தான். வருவதெல்லாம் கேழ்வரகும் கோதுமையும். கோதுமையை என்ன செய்வதென்று அம்மாவுக்குத் தெரியாது. அரிசியைப் போலவே உலையில் போட்டுவிட்டு, இதோ வெந்துவிடும், இதோ வெந்துவிடும் என்று பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாள். பக்கத்து அறைக் கன்னடக்கார அம்மா சிரித்துவிட்டு, கேழ்வரகுக் களியை, அவள் பாஷையில் முத்தெ, கிண்டக் கற்றுக்கொடுத்தாள். மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்றாள். நான் விழுங்கினேன். புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, ஊறவைத்து அவித்தால் அதற்கும் ஒரு ருசி உண்டென்று அந்த வருஷம்தான் கண்டோம். ஆனால் விஷக்காய்ச்சலில் விழுந்து எழுந்த தம்பியின் வயிறு இதில் எதையும் ஏற்கவில்லை. அரிசிக் கஞ்சி மட்டுமே உள்ளே தங்கியது.

அந்தக் கஞ்சி தொம்மலூர்ப் பக்கத்தில் இருந்தது. பட்டாளத்து உடுப்புகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் அம்மாவுக்கு வேலை. நானும் கூடப் போய்ப் பித்தான் தைப்பேன். மனிதருக்கு இல்லாத அரிசி, காக்கிச் சட்டை விறைப்பாக நிற்பதற்காக அங்கே அண்டாவில் கொதித்தது. பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் என்ற நீல விஷத்தைக் கரைத்து ஊற்றுவார்கள். கூலிக்காரர் குடித்துவிடாமலிருக்கவும்தான். கஞ்சி கிண்டுகிறவர் மட்டும், மேஸ்திரி வருமுன் அண்டா விளிம்பில் கரண்டியால் தட்டுவார்.

"துத்தம் போடப்போறேன். அப்பால எவளாவது வாயில வெச்சா கொடல் வெந்துபூடும், சொல்லிட்டேன்."

அந்தச் சத்தம் அடங்குவதற்குள் பெண்கள் மொண்டுகொள்ள வேண்டும். அம்மா ஒரு தூக்குப்போணியில் மொண்டு ஒளித்துவைப்பாள். தம்பி உயிரோடிருந்தது அதில்தான்.

நாங்கள் போனது கரி பஸ்ஸில். முதுகில் ஒரு கரியடுப்பைச் சுமந்துகொண்டு அதன் புகையில் அது ஓடும். ஓடும் என்பது மரியாதைக்குச் சொல்வது. அன்று அல்சூர் தாண்டி ஒரு மேட்டில் மூச்சடைத்து நின்றது. ஸ்வல்ப இறங்கித் தள்ளுங்க என்று கண்டக்டர் கெஞ்சினான். டிக்கெட்டும் வாங்கி வண்டியும் தள்ளுவதென்றால் உன் சம்பளத்தில் பாதி எனக்கு என்றார் ஒரு தலைப்பாகைக்காரர். எல்லோரும் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. ஆண்களுக்கு நடுவே போய், தகரத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு தள்ளினாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அண்டா நீலமாகிவிட்டிருந்தது. வாசலில் மேஸ்திரி. பஸ் நின்றுவிட்டது என்றாள் அம்மா.

"பஸ்ஸுக்கா நான் கூலி குடுக்கறேன்? இன்னிக்கோட நின்னுக்கோ."

சாயங்காலம்வரை குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தாள். கிளம்பும்போது, ஆறிப்போன அண்டாவிலிருந்து போணி வழிய வழிய மொண்டாள். கஞ்சி கிண்டுகிறவர் கையை நீட்டித் தடுத்தார்.

"அது வாணாம்மா."

"துணிக்குத்தாண்ணா" என்றாள்.

எனக்கு ஒரே சந்தோஷம். எந்த நாளும் அரைப்போணிதான், இன்று தளும்பியது. மயில் கழுத்தின் நிறம். இவ்வளவு அழகான ஒன்று குடலை வேகவைக்கும் என்பதை என் பசி நம்பவில்லை. அந்த மிரட்டலெல்லாம் மேஸ்திரிக்குப் பயந்து சொல்வது என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் அம்மா கஞ்சியைச் சுடவைத்தாள், உப்புப் போட்டாள், கதவைத் தாழிட்டாள். மூன்று தம்ளர்களைக் கழுவி வரிசையாக வைத்து ஊற்றினாள். எப்போதும் இரண்டுதான் வைப்பாள். தம்பியை மடியில் எடுத்து, ஒரு தம்ளரை அவன் வாயருகே கொண்டுபோனாள். ஆவி முகத்தில் பட்டதும் அவன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"சுடுது. ஊதிக் குடும்மா."

அம்மா ஊதினாள். வழக்கம்போல உதட்டைக் குவித்து, கஞ்சியின் ஆடை ஒதுங்க ஒதுங்க, அவன் நாக்கு பொசுங்கிவிடக் கூடாதே என்று ஊதினாள். ஊதிக்கொண்டே இருந்தாள். பிறகு அந்த மூச்சு வேறு ஏதோ சத்தமாக மாறிற்று. எழுந்து கதவைத் திறந்து, தம்ளர்களையும் சட்டியையும் சாக்கடையில் கவிழ்த்தாள். நான் ஓடிப்போய் ஒரு தம்ளரின் விளிம்பில் விரலை விட்டேன். அதுவரை என்மேல் கை வைக்காதவள் கன்னத்தில் அறைந்தாள். குழாயடிக்கு இழுத்துப்போய் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

அப்புறம், யாரிடமும் எதையும் கேட்டறியாத அவள், பக்கத்து அறைக் கதவைத் தட்டினாள். அந்த அம்மா கேழ்வரகு மாவை நீர்க்கக் காய்ச்சி, மெல்லிய துணியில் வடிகட்டி, மோர் விட்டுக் கொடுத்தாள். தம்பி குடித்தான். அது தங்கியது.

நான் மூலையில் விசும்பிக்கொண்டிருந்தேன். கன்னம் எரிந்ததற்காக அல்ல. பெங்களூருக்கு வந்து முதல் தடவையாக அம்மா தனக்கும் ஒரு தம்ளர் வைத்தாள், எங்களோடு உட்கார்ந்து குடிக்கப்போகிறாள் என்று நினைத்திருந்தேன். அது இல்லாமல் போயிற்றே என்றுதான் அவ்வளவு அழுதேன்.