எஞ்சினுக்கு வைத்த சந்தனப் பொட்டு

ஐம்பத்து நான்கு வயதில், ஒரு பொம்மை ரயிலுக்காக நண்பனின் பெயரை அமுக்கினேன். வீடு, மனை என்றாலாவது கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும்.

மலையடிவாரத்து நேரோகேஜ் ரயிலின் மாதிரி அது. சுண்டுவிரல் அகலத் தண்டவாளம், கட்டைவிரல் நீள எஞ்சின், ஒரு ஸ்டேஷன், இரண்டு குகை. மயிலாப்பூரில் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்று வளர்ந்தது. பழைய பேப்பரை ஊறவைத்து மலை செய்தது நான். சாந்தோமில் காலைப் பூசை முடிந்து நேராக வந்து, மேஜைக்கடியில் படுத்து ஒயர்களைப் பற்றவைத்தது அவன். பள்ளியில் இயற்பியல் வாத்தியார். அந்த இரண்டு வருடமும் நான் அதிகம் பார்த்தது அவன் பாதங்களைத்தான்.

கோபாலபுரத்தில் ஒரு பள்ளி அரங்கில் கண்காட்சி. ‘அமைத்தவர்’ என்று அட்டை எழுதியபோது என் பெயரை மட்டும் எழுதினேன். மேலே தெரிவதெல்லாம் நான் செய்தது. கீழே இருப்பதை யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

கண்காட்சியின் முதல் நாள், அவன் வருமுன்பே எஞ்சினுக்குப் பூஜை போட்டேன். புது வண்டியைச் சும்மா எடுக்கலாமா? எலுமிச்சம்பழம் எஞ்சினைவிடப் பெரிதாக இருந்ததால் சக்கரத்தடியில் வைக்கும் யோசனையைக் கைவிட்டு, ஆறு சக்கரத்துக்கும் தீக்குச்சியால் சந்தனம் குங்குமம் இட்டேன். தண்டவாளத்துக்கும் கொஞ்சம்.

கூட்டம் சேர்ந்தது. சுவிட்சைப் போட்டேன். வண்டி ஒரு சாண் போய் நின்றுவிட்டது.

“பாக்க மட்டும்தானா மாமா, ஓடாதா?” என்றாள் ஒரு பெண்.

அப்போதுதான் அவன் உள்ளே வந்தான். முதலில் அட்டையைப் படித்தான். இரண்டே சொல், வெகுநேரம் படித்தான். பிறகு எஞ்சினைக் கவிழ்த்துப் பார்த்தான்.

“இன்னாடா, இதுக்குக் கல்யாணமா?”

அவ்வளவுதான் பேசினான். தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகத்தான் கரண்ட் ஏற வேண்டும். நடுவில் என் சந்தனம். கைக்குட்டையில் ஸ்பிரிட் தொட்டு எல்லாவற்றையும் துடைத்தான். ரயில் குகைக்குள் நுழைந்தது. கைதட்டினார்கள், எனக்கு. திரும்பிப் பார்த்தால் அவன் இல்லை.

மாலையில் அட்டையில் அவன் பெயரையும் பேனாவால் சேர்த்தேன். இடம் போதாமல் கடைசி எழுத்துகள் ஓரத்தில் வளைந்து இறங்கின. அதற்குப் பிறகு வந்த எந்த ஞாயிற்றுக்கிழமையும் மேஜைக்கடியில் பாதங்கள் இல்லை.

பெயர் சேர்த்ததை மறுநாளே போனில் சொல்லியிருந்தேன்.

“எதுக்குடா இப்ப சேத்த?” என்றான். “சந்தனம் வெச்சதும் நான்தான்னு நெனைச்சுக்கப் போறாங்க.”