எதிரே வந்த லாரிக்கு ஒரு சைகை

எண்பதுகளின் தொடக்கம். சங்கரன்கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா முடிந்து வெளியூர்க் கூட்டம் வடிந்துகொண்டிருந்த ஒரு காலை நேரம். ராஜபாளையம் சாலையில் இருந்த ஒரு கிராமத்துக் கூட்டுறவுச் சங்கத்தில் எனக்கு எழுத்தர் வேலை. தினமும் ஒரே தனியார் பஸ்தான். பெண்கள் சீட்டில் எஞ்சினை ஒட்டிய முதல் இடம் என் சொத்து மாதிரி. வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் இறங்கும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன்.

டிரைவர் அண்ணாச்சி அதிர்ந்து பேசாத மனிதர். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. அவரிடம் மட்டுமில்லை, அந்தச் சாலையில் வண்டி ஓட்டிய எல்லோரிடமும் உண்டு. எங்காவது போலீஸ் நின்று வண்டிகளை மறித்தால், அதைத் தாண்டி வருகிறவர் எதிரே வரும் டிரைவருக்கு உள்ளங்கையால் தலையைத் தட்டிக் காட்டுவார். போலீஸ் தொப்பி என்று அர்த்தம். பார்த்தவர் வேகத்தைக் குறைப்பார். கூடுதலாக ஏற்றிய ஆட்களை இறக்கி நடக்கவிடுவார். லைசென்ஸ் இல்லாதவர் வேறு பாதையில் திரும்பிவிடுவார்.

இது தப்பில்லையா என்று ஒருமுறை கேட்டேன்.

"அவங்களுக்குக் காக்கிச் சட்ட இருக்கு தங்கச்சி. எங்களுக்கு இந்தக் கைதான இருக்கு. நாங்களும் சொல்லலேன்னா வேற யாரு சொல்லுவா?"

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. தபசுக்கு வரும் ஏழை சனத்தைப் போலீஸ் நடுவழியில் இறக்கி வெயிலில் நிறுத்துவதைப் பார்த்து வயிறெரிந்தவள் நான்.

அன்று சங்கரன்கோவில் ஊர் எல்லையில் ஒரு சப்-இன்ஸ்பெக்டரும் சில போலீஸ்காரர்களும் நின்றார்கள். ஊருக்குள் வருகிற வண்டிகளை மட்டும் நிறுத்தினார்கள். எங்களைப் போகச் சொல்லிக் கையசைத்துவிட்டார்கள். தபசு முடிந்தும் இவர்கள் விடவில்லையே என்று அண்ணாச்சி முனகினார்.

கொஞ்ச தூரத்தில் எதிரே ஒரு லாரி வந்தது. அண்ணாச்சி வழக்கம்போலத் தலையைத் தட்டிக் காட்டினார். லாரிக்காரன் சிரித்தபடி கையை உயர்த்தி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனான். நான் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். லாரி மெதுவாகி, கரிசல் காட்டுக்குள் போகும் வண்டிப்பாதையில் திரும்பியது. புழுதிதான் தெரிந்தது. "பாவம், லைசென்ஸ் இல்ல போல" என்றேன். அண்ணாச்சியும் சிரித்தார்.

அடுத்த ஊரைத் தாண்டியதும் சாலையை அடைத்துக் கூட்டம். ஆடுகள் மேய்ப்பாரில்லாமல் சாலை முழுக்கச் சிதறி நின்றன. நடுவில் ஆடு மேய்க்கும் ஒருவர் ரத்தத்தில் கிடந்தார். அவர் மனைவி அவர் தலையை மடியில் தாங்கியிருந்தாள். லாரி அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது, நம்பரை யாரும் பார்க்கவில்லை, பக்கத்து மில்லிலிருந்து சங்கரன்கோவில் ஸ்டேஷனுக்குப் போன் போட்டாயிற்று என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

அண்ணாச்சி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. போலீஸ் காத்து நின்றது அந்த லாரிக்காகத்தான்.

பயணிகளை இறக்கிவிட்டு, அடிபட்டவரையும் அவர் மனைவியையும் பஸ்ஸில் ஏற்றி வண்டியைத் திருப்பினார்கள். பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நானும் கூடப் போனேன். வண்டிப்பாதை பிரியும் இடத்தில் அண்ணாச்சி ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை.

ஊர் எல்லையில் போலீஸ்காரர்கள் இன்னும் காத்திருந்தார்கள். எந்த லாரியும் வரவில்லையே என்றார் சப்-இன்ஸ்பெக்டர். அண்ணாச்சி பேசாமல் இருந்திருக்கலாம். அவர் காட்டிய சைகை என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

அவர் இறங்கிப் போய் நின்றார். "வந்தாம்யா. நாந்தான் நீங்க நிக்கிய விசயத்தச் சொல்லி அனுப்பிட்டேன். காட்டுப் பாதையில திரும்பிட்டான். வண்டி முன்பக்கம் ஈரமா இருந்துச்சு. எங்கயோ ஓடையில கழுவிட்டு வந்திருக்கான். எனக்கு அப்ப ஒண்ணும் தோணல."

சப்-இன்ஸ்பெக்டர் கன்னாபின்னாவென்று திட்டினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அண்ணாச்சி ஒன்று மட்டும் சொன்னார்: "லாரியத் தேடுதோம்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லாய்யா."

"உம்மகிட்ட எதுக்குவே சொல்லணும்?"

இருவர் சொன்னதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. அதுதான் கொடுமை.

ஒரு ஜீப் வண்டிப்பாதைக்குப் பறந்தது. பஸ் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது பஸ் தரையில் கணவரோடு உட்கார்ந்திருந்த அந்த அம்மா நிமிர்ந்து அண்ணாச்சியிடம் கேட்டாள். நடந்ததெல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

"அவன் மொகத்த நீங்க பாத்தியளா?"

"பாத்தேன் தாயி."

"எங்காளுக ஒருத்தரும் பாக்கல. மறந்துராதிய."

அவள் ஏசியிருந்தால்கூட அண்ணாச்சி தாங்கியிருப்பார். பஸ்ஸை ஓட்டிக்கொண்டே அழுதார்.

அடிபட்டவர் மறுநாள் இறந்துபோனார். அதற்குப் பிறகு எந்த லாரி பிடிபட்டாலும் அண்ணாச்சியை ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவார்கள். வேலையைப் போட்டுவிட்டுப் போய் ஆளைப் பார்த்துவிட்டு, இவனில்லை என்று சொல்லிவிட்டு வருவார். யாரையாவது ஒருவனைக் கைகாட்டினால் வழக்கு முடியும் என்று சிலர் ஜாடையாகச் சொன்னார்களாம். அதற்கு அவர் சம்மதிக்கவில்லை. உண்மையான ஆள் கடைசிவரை அகப்படவேயில்லை.

அதற்குப் பிறகும் பல வருடம் அவர் பஸ்ஸில் போனேன். எதிரே லாரி வந்தால் வண்டியை மெதுவாக்கி, கண்ணைச் சுருக்கி டிரைவரின் முகத்தைப் பார்ப்பார். அது கடந்து போனதும் பெருமூச்சு விட்டு வேகத்தைக் கூட்டுவார். 

இப்போது என் மகன் பைக்கில் போகும்போது போலீஸ் நின்றால் எதிரே வருகிறவர்கள் விளக்கைச் சிமிட்டிக் காட்டுகிறார்களாம், இவனும் காட்டுகிறானாம். சட்டப்படி சரியா தப்பா என்று நண்பர்களோடு வாதம் வேறு. எனக்குச் சட்டம் தெரியாது, அந்தச் சைகை ஒரு நல்ல மனிதரின் இரக்கத்திலிருந்து வந்தது என்பதை இன்றும் மறுக்க மாட்டேன், ஆனால் யாரென்று தெரியாத ஒருவனைத் தப்பவிடும்போது அவனுக்குப் பின்னால் சாலையில் யார் விழுந்து கிடக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது என்கிற பயம் மட்டும் என்னை விட்டுப் போகவேயில்லை.