துவைக்காத மஞ்சள் பனியன்

எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதிய நாட்களில் என் ஜாமெட்ரி பாக்ஸில், காம்பஸ் இருக்கவேண்டிய இடத்தில், வேறொருவருடைய வேர்வையில் ஊறிக் காய்ந்த பனியன் துணி விரல் நீளத்துக்கு இருந்தது என்பதையும், கேள்வித்தாள் வாங்குவதற்கு முன் அதை எடுத்து ஆழமாக முகர்ந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்வதில் எனக்குக் கூச்சம் அதிகம். கணக்கில் வாங்கிய மார்க்கைச் சொல்வதில் அதைவிட அதிகம். மழையில் நனைந்த கோணிச்சாக்கையும் நாலு நாள் புளித்த மாவையும் ஒரு டப்பாவில் அடைத்து வெயிலில் வைத்தால் அந்த வாடையை ஓரளவு நெருங்கலாம்.

துணி காளி அண்ணனுடையது. வெள்ளிமலையிலிருந்து இறங்கிவந்து கள்ளக்குறிச்சி மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அவர், எங்கள் ஊர் கபடி அணிக்காகப் ‘பாடிப்’ போனால் எதிரணியில் ரெண்டு பேரையாவது தொடாமல் கோட்டுக்குத் திரும்பமாட்டார். பொங்கல் முடிந்து ஊர் ஊராகப் போட்டி நடக்கும் அந்தப் பருவத்தில், முதல் ஆட்டத்துக்கு வடக்கனந்தல் கிளம்பும்போது அவருடைய மஞ்சள் பனியன் முந்தின நாள் பயிற்சியின் அழுக்கோடு மூலையில் கிடந்தது. வேறு வழியில்லாமல் அதையே மாட்டிக்கொண்டு போனார். அதுவரை எந்த ஊரிலும் ஜெயித்துப் பழகாத நாங்கள் ஜெயித்துவிட்டோம். சைக்கிள் கடை வைத்திருந்த கேப்டன் ஏகாம்பரம் அன்றைக்கே உத்தரவு போட்டார்: “இனிமே கப்பு வர்ற வரைக்கும் இந்த பனியன்ல ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது.”

அடுத்தடுத்து ஆறு ஊர்களில் ஜெயித்தோம். பங்குனி வெயிலில் அந்தப் பனியன் மேல் உப்பு கோடுகோடாகப் படிந்து, கழற்றி வைத்தால் மடங்காமல் தானாகவே உட்கார்ந்திருந்தது. ஆட்டக்காரர்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒரு பிடியில் ஓரம் கிழிந்தபோது நாங்கள் முண்டியடித்துப் பங்குபோட்டுக்கொண்டோம். இத்தனைக்கும் என் அத்தா கடைத்தெருவில் மளிகையோடு சோப்பும் விற்றுக்கொண்டிருந்தார். பனியனின் மகிமையை ஒருநாள் கல்லாவுக்கு முன்னால் நின்று நான் விளக்கியபோது, “சோப்பு வித்துத்தான்டா உனக்குச் சோறு போடறேன், தொவைக்காதேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியுறியே!” என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். அவர் அடித்தது அவர் தலையில் என்பதுதான் ஒரே ஆறுதல்.

கடைசி ஆட்டம் எங்கள் ஊரிலேயே நடந்தது. ஒரு அரசுத் துறையின் கபடி அணிக்கு ஆள் எடுக்கும் ஆபீசர் ஒருவர், காளி அண்ணனைப் பார்ப்பதற்காகவே வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். பிடித்துப்போனால் உத்தியோகம், மூட்டைக்குக் கும்பிடு. முந்தின நாள் சாயங்காலம் காளி அண்ணனை வேடிக்கை பார்க்க அவர் வீட்டுக்கு நான் போயிருந்தபோது, அவர் மனைவி மல்லிகா அக்கா வாளியில் சோப்பைக் கரைத்துவிட்டுக் குச்சியால் அந்தப் பனியனைத் தூக்கிவந்தார். கொலையைக் கண்ணால் கண்டவன்போல நான் சைக்கிள் கடைக்கு ஓடினேன். கிரீஸ் கையோடு ஏகாம்பரம் பறந்துவந்தார்.

“இன்னாம்மா காரியம் பண்ற? ஊரு கப்பையே வாளியில போடறியே!”

“நாளைக்கு ஆபீசரு பக்கத்துல நிக்கவெச்சுப் பேசுவாராம். இத்த மாட்டிக்கினு நின்னா மனுசன் மயங்கி வுழுந்துட மாட்டாரு? எங்க வூட்டுக்காரரு ஒடம்பப் பாத்தீங்களாண்ணே? அக்குள்லேர்ந்து இடுப்பு வரைக்கும் படர்தாமரை.”

“கப்பு வரட்டும், களிம்பு நானே வாங்கித் தரேன்.”

காளி அண்ணன் ரெண்டு பேர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு விலாவைச் சொறிந்தார். ஏகாம்பரம் பனியனைப் பிடுங்கிக்கொண்டு நடந்தார். “நீதான் போட்டுக் குடுத்தியா? நல்லா இருடா சாமி” என்று மல்லிகா அக்கா சோப்புத் தண்ணியை என் காலடியில் கொட்டினார். அந்த வாளித் தண்ணியில் தன் குடும்பத்தின் மாதச் சம்பளம் ஓடுவது அவருக்குத் தெரிந்திருக்கிறது. எட்டாவது படித்த மேதாவிக்குத் தெரியவில்லை.

மறுநாள் கடைசி நிமிஷத்தில் ரெண்டு அணிக்கும் சமமான பாயிண்ட். காளி அண்ணன் பாடிப் போனார், ஒருவனைத் தொட்டார், திரும்பினார். கோட்டுக்கு ஒரு எட்டு இருக்கும்போது அவருடைய வலது கை, அவரைக் கேட்காமலேயே, அக்குளுக்குப் போனது. சொறிந்தார். ஒரே ஒரு தடவைதான். அதற்குள் நாலு பேர் அவர்மேல் இருந்தார்கள். தோல்வியைக்கூட ஆபீசர் மன்னித்திருப்பார். தட்டிக்கொடுக்கத்தான் பக்கத்தில் வந்தார். வந்தவர் ரெண்டடி பின்வாங்கி, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார். பார்த்தார். “பத்து பேரோட ஒரே ரூம்ல தங்கணும்ப்பா. மொதல்ல வைத்தியம் பாரு” என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறினார். ஏகாம்பரம் களிம்பு வாங்கித் தரவில்லை. நாங்கள் யாரும் அதற்குப் பிறகு காளி அண்ணன் வீட்டுப் பக்கம் போகவில்லை. பனியனைவிட அதுதான் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது.

ஊர் மாவட்டத் தலைநகராகிவிட்டது. அந்த மைதானத்தில் இப்போது ஷேர் ஆட்டோக்கள் நிற்கின்றன. கோடு போட்ட இடத்தில் ஜெராக்ஸ் கடை. போன மாதம் ஒரு வேலையாக வெள்ளிமலை போனபோது காளி அண்ணன் வீட்டைத் தேடிப்பிடித்தேன். சாமை விதைத்துக்கொண்டு, நரைத்த மீசையோடு நன்றாகவே இருந்தார். மல்லிகா அக்கா டீ கொடுத்தார். பஸ்ஸில் வரும்போதே தயார் செய்திருந்த மன்னிப்பை எழுந்து நின்று ஒப்பித்தேன்: உங்கள் உத்தியோகம் போனதற்கு நானும் காரணம், ஓடிப்போய்ச் சொன்னவன் நான்தான், அன்றைக்கு அதைத் துவைக்க விட்டிருக்கவேண்டும்.

காளி அண்ணன் டீயைக் கீழே வைத்தார். மனைவி உள்ளே போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“நீ ஓடுனது சரிதான் தம்பி. கொஞ்சம் வெரசா ஓடியிருக்கணும். நீங்க வர்றதுக்குள்ள இவ ஒரு ஓரத்த நனைச்சிட்டா. அதான் தோத்தோம்.”