காய்ந்த பருத்திக்கும் ஈரக்கழிவு

எழுபதுகளின் பிற்பகுதியில் சங்கரன்கோவிலில் நிருபராக இருந்தேன். பருத்தி ஏலத்துக்குப் போய் விலை நிலவரம் எழுதி அனுப்புவதும் என் வேலையில் சேர்ந்தது. அரசு நடத்திய அந்த ஏலக் கொட்டகையில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு வழக்கம் இருந்தது. விற்க வருகிறவர்கள் முந்தின நாளே பருத்தியில் தண்ணீர் தெளித்துவிடுவார்கள், எடை கூடும். வியாபாரிகள் மூட்டைக்குள் கையைவிட்டுக்கூடப் பார்க்காமல், ஈரக்கழிவு என்று எல்லாருக்கும் ஒரே அளவாக எடையில் பிடித்துக்கொள்வார்கள். இதில் யாருக்கும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

திருவேங்கடம் பக்கம் கரிசலில் விவசாயம் பார்த்த என் பெரியப்பா மகன் அந்த வருஷம் நீள இழைப் புது விதை போட்டிருந்தார். பாடு அதிகம், விளைச்சல் கொஞ்சம். தரத்துக்கு ஏற்ற விலை கிடைத்தால்தான் மறுபடி அதைப் போட முடியும். கிடைக்காவிட்டால் பழைய நாட்டுப் பருத்தியான கருங்கண்ணிதான். ஈரம் பார்க்கும் கருவி வந்திருக்கிறது, இனிமேல் காய்ந்த பருத்திக்குக் கழிவு கிடையாது என்று கொட்டகையில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். அண்ணன் அதை நம்பினார்.

எடுத்த பருத்தியைக் களத்தில் பரப்பிக் காயவைத்தார். அவர் மனைவி, என் மதினி, உட்கார்ந்து இலைத்தூசி பொறுக்கினார். பக்கத்துப் புஞ்சைக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"என்ன வே, பருத்திய விக்கப் போறீரா, பொண்ணு பாக்க வாரவங்களுக்குக் காட்டப் போறீரா?"

"சிரியும் வே. அங்கன மிஷின் சொல்லும்," என்றார் அண்ணன்.

ஏலத்தன்று நானும் இருந்தேன். வியாபாரி ஒரு பிடி எடுத்து இழுத்துப் பார்த்தார். "நல்ல இழைதான்," என்றார். ஆனால் மற்றவர்களுக்குக் கேட்ட விலையைத்தான் கேட்டார். கழிவும் அதே கழிவு.

அண்ணன் கொட்டகை எழுத்தரிடம் போனார். "மிஷின வச்சுப் பாருங்க."

"மிஷின் பீரோவுக்குள்ள இருக்கு அண்ணாச்சி. அத வச்சுப் பாக்குறவரு மாத்தலாகிப் போயிட்டாரு."

"புது ஆளு எப்ப வருவாரு?"

"மேல இருந்து போடணும்லா."

வியாபாரி பொறுமையாகவே பேசினார். "உமக்கு மட்டும் கழிக்காம விட்டேன்னா, நாளைக்கு ஊரே எங்கிட்ட காஞ்ச பருத்தின்னு சொல்லும். நான் யாரைன்னு நம்புவேன்? நீரு தண்ணி தெளிக்காதது உம்ம இஷ்டம் வே."

அவர் பேச்சில் பொய் இல்லை. அறிவிப்பு ஒட்டிய அதிகாரிகள் யாரும் அங்கே இல்லாமல், அண்ணன் வியாபாரியிடம் நியாயம் கேட்டு நின்றார் என்பதுதான் விஷயம். மற்றவர்கள் மூட்டையில் கழிக்கத் தண்ணீர் இருந்தது. அண்ணன் மூட்டையில் பருத்தி மட்டுமே இருந்தது. திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விடலாமா என்று யோசித்தார். வேறு எங்கே போய் விற்பது? கொடுத்துவிட்டார்.

அன்றைய விலை நிலவரத்தில் பருத்திக்கு ஒரே விலைதான் அனுப்பினேன். தரம் பிரித்துச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

பிறகு எத்தனையோ கருத்தரங்குகளில் உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறேன். நாம் ஏன் முன்னேறவில்லை என்று பேசுவார்கள். மழை இல்லை, முதலீடு இல்லை, விவசாயி புதுமைக்கு வரமாட்டேன் என்கிறான் என்பார்கள். எங்கள் பக்கம் அந்த வருஷம் மழை பெய்தது. விதை வந்தது, கருவி வந்தது, புதுமைக்கு ஒரு விவசாயியும் வந்தார். ஒட்டிய அறிவிப்பை நடத்திக்காட்டத்தான் ஆள் வரவில்லை.

அடுத்த விதைப்புக்கு முன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். மதினி கையாலேயே பஞ்சு நீக்கிச் சேர்த்துவைத்திருந்த புது விதை, ஆட்டுரல் பக்கத்தில் சட்டியில் ஊறிக்கொண்டிருந்தது. கறவை மாட்டுக்குப் பருத்திவிதை ஆட்டி வைப்பது உண்டு. விதைப்புக்கு எடுத்துவைத்ததை யாரும் வைப்பதில்லை.

"இதையா ஆட்டப் போறீங்க?" என்று கேட்டேன்.

"மாடாவது ருசி பாத்துத் திங்குதுலா," என்றார் அண்ணன். கருங்கண்ணி விதைக்க ஏற்கெனவே ஆள் சொல்லிவிட்டிருந்தார். மதினி சட்டியை உரலில் கவிழ்த்து ஆட்டத் தொடங்கினார்.