லைட்டு ரூம் பூட்டிக் கிடந்த கோடை

என் வலது புறங்கையில் படர்ந்திருந்த வெண்படையின் வெள்ளைக்குள் கடுகு கடுகாகப் பழுப்புப் புள்ளிகள் எழும்பிய கோடை அது. அந்தக் கையைப் பெஞ்சில் வைத்தால் பக்கத்துப் பையன் எழுந்து போகிறான் என்றுதான் எட்டாவதோடு படிப்பை விட்டிருந்தேன். மாத்திரை போட்டு, ஆஸ்பத்திரி லைட்டு ரூமில் தோலுக்கு ஒளி காட்டும் பெட்டிக்குள் நின்று நின்று வரவழைத்த, தோல் நிறம் திரும்புகிற புள்ளிகள். கண் விழித்ததும் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். பல் விளக்கிவிட்டு மறுபடி பார்ப்பேன்.

அப்போது ஊரெல்லாம் அம்மை. எல்லாரும் சட்டையைக் கழற்றி ஒரே பெட்டிக்குள் நிற்கிற இடமென்று லைட்டு ரூமைப் பூட்டிவிட்டார்கள்.

"லைட்டுல நிக்காம விட்டா புள்ளியெல்லாம் அழிஞ்சிருமாண்ணே?" என்று அங்கே வேலை பார்த்தவரிடம் கேட்டேன்.

"அழியத்தான் செய்யும். மாத்திரையப் போட்டுட்டு மாடி வெயில்ல கையக் காட்டு, கொஞ்ச நேரம். காயம் மட்டும் பட்டுறாத தம்பி, பட்ட எடம் வெளுத்துரும்."

"எம்புட்டு நேரம்ணே?"

அதற்குள் சைக்கிளை மிதித்துவிட்டார்.

வீட்டில் அண்ணன் மகனுக்கும் அம்மை. ஆத்தா இறங்கியிருக்கிற வீட்டில் யாரும் மருந்து தொடக் கூடாது. மாத்திரைகளை வேட்டி மடிப்பில் ஒளித்து விழுங்கினேன். போதுமோ போதாதோ என்று பயந்து பயந்தே, கை காந்தும் வரை மாடியில் நின்றேன். மறுநாள் புறங்கை முழுக்க வெயில் சுட்ட கொப்புளம்.

"கொழுந்தனுக்கும் முத்துப் போட்ருச்சு" என்று மதினி என்னையும் பிள்ளை பக்கத்தில் வேப்பிலை மேல் படுக்கவைத்தாள்.

அன்றே பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. நான் பதறி எழுந்ததில் மாத்திரைகள் தரையில் உருண்டன. அண்ணன் பார்த்தான். இடுப்பு பெல்ட்டை உருவினான்.

"ஆத்தா இருக்குற வீட்ல மாத்திரையா முழுங்குற? எம்புள்ளையக் கொல்லப் பாக்குறியாடா?"

கையை நீட்டித் தடுத்தேன். கொப்புளங்கள் உடைந்து தெறித்தன.

"ஏங்க, கையில அடிக்காதீக. அங்க ஆத்தா இருக்கா" என்று மதினி அலறினாள்.

அதனால் கழுத்தைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் திருப்பி முதுகில் அடித்தான். பெல்ட்டின் பக்கிள் சதையைக் கிழித்தது. என் மூக்கு உடைந்து சுண்ணாம்புச் சுவரில் ரத்தம் இழுபட்டது. கை ஓய்கிற வரை அடித்தான்.

பிள்ளை பிழைத்துவிட்டான். அம்மை அடங்கி லைட்டு ரூம் திறந்ததும் அண்ணனே சைக்கிளில் கூட்டிப்போனான். புறங்கையில் ஒரு புள்ளிகூட மிச்சமில்லை. சட்டையைக் கழற்றினேன். ஒரு பொட்டு வெள்ளை இல்லாதிருந்த முதுகில், குறுக்கும் நெடுக்குமாக வெள்ளை வார்கள்.

"காயம் படக் கூடாதுன்னு சொன்னேன்ல தம்பி. எங்க விழுந்த?" என்றார் லைட்டு ரூம்காரர்.

வாசலைப் பார்த்தேன். அண்ணன் தன் சட்டையை இழுத்துப் பக்கிளை மறைத்துக்கொண்டிருந்தான்.

"மாடிப்படியில" என்றேன்.