ஒரு ரிங் விட்டு வைத்துவிடு

வெளியே போனவர்கள் போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்கு ஒரு ரிங் விட்டு வைத்துவிட வேண்டும். இது அம்மாவின் சட்டம். அவள் எடுக்க மாட்டாள். எடுத்தால் காசு தண்டம். ரிங் ஒரு தடவை அடித்து நின்றால், "மாதாவே, சேர்ந்துட்டாங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். சாந்தோமிலிருந்து அடையாறுக்கு டியூஷனுக்காக சைக்கிளில் போன தம்பியிடமிருந்து அன்றைக்கு அந்த ரிங் வரவில்லை. அடையாற்றுப் பாலத்தின் மேலேயே லாரி அடித்துவிட்டது. பன்னிரண்டு வயது.

கல்லறைத் திருநாள் பூசையில் வாசிக்க அவன் பெயரைக் கொடுக்க அம்மா விடவில்லை. "செத்தவங்களோட என் புள்ளை பேரைச் சேர்த்தீங்கன்னா, நான் கோயில் பக்கமே வர மாட்டேன்" என்றாள்.

அப்புறம் அப்பாவின் ஆபீஸில் யாரோ சொன்னார்கள். செவ்வாய்க்கு ஆளில்லாத விண்கலம் ஒன்று போகிறதாம், மண்ணைத் தோண்டிப் பார்க்குமாம், பிள்ளைகளின் பெயர்களை ஒரு தட்டில் பதிந்து அதில் அனுப்புகிறார்களாம். அப்பா தி.நகரில் புதிதாகத் திறந்திருந்த இன்டர்நெட் கடைக்குப் போய்த் தம்பியின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினேன். அம்மா கத்தவில்லை.

"எப்பப் போய்ச் சேருவான்?" என்று மட்டும் கேட்டாள்.

டிசம்பரில் அது இறங்கியிருக்க வேண்டும். இறங்கியதும் சேதி அனுப்ப வேண்டும். ஒரு சத்தமும் இல்லை என்று பேப்பரில் போட்டிருந்தான். நான் பேப்பரை ஒளித்து என்ன பிரயோஜனம்? டிவியில் சொல்லிவிட்டான். அம்மா போன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சாப்பாடு கிடையாது, தூக்கம் கிடையாது. "ரிங் விடாம இருக்க மாட்டான்" என்பாள். இவளையும் பறிகொடுத்துவிடுவோமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு சாயங்காலம் அப்பா என்னைத் தெருமுனை மருந்துக் கடைக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு ரூபாய் போன் இருந்தது.

"ஒரே ஒரு ரிங் விட்டு வெச்சிடறேன்மா. அவ ஒரு வாய் சாப்பிடட்டும்."

செய்வது பாவம் என்று தோன்றியது. ஆனாலும் நான் தடுக்கவில்லை.

ஒரு ரிங் முழுசாகக்கூடப் போகவில்லை. எந்த நாளும் எடுக்காதவள் எடுத்துவிட்டாள்.

"சேர்ந்துட்டியா கண்ணு?"

பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. அந்தப் போனில் காசு போட்டால்தான் நம் குரல் எதிர்முனைக்குப் போகும். அப்பா காசைப் பிடித்தபடி நின்றார்.

"கண்ணு? ஒரு வார்த்தை பேசேன்டா."

வைத்துவிடுங்கள் என்று சைகை காட்டினேன். அவர் காசைப் போட்டார்.

"ம். சேர்ந்துட்டேம்மா."

நாங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா தலையை வாரிப் பின்னியிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"என்னங்க, உங்க புள்ளை போன் பண்ணான். குரல் உடைஞ்சிடுச்சு அவனுக்கு. அப்படியே உங்க குரல்."